லப்டொப் இப்ப வாங்கிறதோ, பொறுக்கிறதோ? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் லப்டொப் திருத்துகிறேன். விற்பதில்லை. நீங்கள் எதை வாங்கினாலும் எனக்கு ஒரு சதமும் வராது, பழுதானால்தான் வரும். திருத்த வருகிறவர்களைவிட "இப்ப வாங்கலாமோ?" என்று கேட்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒரே பதிலை நாளுக்கு நாலு தரம் சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

"தம்பி, மகளுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது. இப்பவே வாங்கிக் குடுக்கிறதோ, கொஞ்சம் பொறுக்கிறதோ?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான் அம்மா: லப்டொப்பில் முதல் வேலை எந்தத் தேதியில் தொடங்குகிறது? தேதி சொல்ல முடிந்தால் அதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் வாங்குங்கள். சொல்ல முடியாவிட்டால் காசை வங்கியிலேயே விட்டுவையுங்கள். சந்தையில் அடுத்து என்ன வரப்போகிறது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உயர்தர முடிவு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடிந்து, முதல் விரிவுரை தொடங்க எத்தனை மாதம் ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சில தொகுதிப் பிள்ளைகள் ஒரு வருடத்துக்கு மேலேயும் வீட்டில் இருந்திருக்கிறார்கள். முடிவு வந்த சந்தோசத்தில் அந்தக் கிழமையே வாங்கிக்கொடுத்த அப்பாமாரை எனக்குத் தெரியும். வொறன்ரி பில் போட்ட நாளில் இருந்து ஓடத் தொடங்கிவிடும். பிள்ளை அதில் படம் பார்த்துக்கொண்டிருக்க ஒரு வருடம் முடியும். முதல் அசைன்மென்ற் வருகிற கிழமையில் திரை போகும். பிறகு என் மேசைக்குத்தான் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. எந்தப் பீடம் என்பதைப் பொறுத்துத் தேவை முழுக்க மாறும். கலைப்பீடத்துக்கும் முகாமைத்துவத்துக்கும் சாதாரண இயந்திரம் போதும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற பொறியியல் பீடத்துக்குப் போகிற பிள்ளைக்கு அது போதாமல் வரலாம். போன வருடம் போன அண்ணாமார் அக்காமாரிடம் என்ன மென்பொருள் பாவிக்கிறார்கள் என்று கேட்ட பிறகு கடைக்குப் போங்கள்.

"ஜனவரியில புதுசு வருதாம். அதுக்குப் பாத்துக்கொண்டிருந்தால் நல்லமெல்லோ?"

எந்த ஜனவரியில்தான் புதுசு வரவில்லை? ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் அமெரிக்காவில் லாஸ் வேகாஸில் பெரிய மின்னணுக் கண்காட்சி நடக்கும். லப்டொப்பின் மூளையான புரொசஸரைச் செய்கிற இன்ரெல், ஏஎம்டி இரண்டும் புதியவற்றை அங்கே காட்டும். 2026 ஜனவரியில் இன்ரெல் கோர் அல்ட்ரா 3ஆம் வரிசையைக் கொண்டுவந்ததும் அங்கேதான். ஆனால் மேடையில் காட்டினது கஸ்தூரியார் வீதிக் கடைக் கண்ணாடிக்குள் வர மாதங்கள் போகும். முதலில் வருவதும் மிக விலை கூடினவை. நீங்கள் நினைத்திருக்கிற விலைக்கு அந்தப் புரொசஸர் இறங்குகிற நேரம் அடுத்த ஜனவரி வந்துவிடும். அப்போது "இன்னும் கொஞ்சம் பொறுப்பம்" என்பீர்கள். இப்படி மூன்று வருடம் பொறுத்த ஒரு வாத்தியாரை எனக்குத் தெரியும். பொறுத்த காலம் முழுக்க வினாத்தாளை வெளியில் காசு கொடுத்துத்தான் ரைப் அடிப்பித்தார்.

புதுசு என்று எழுதியிருப்பதெல்லாம் புதுசும் இல்லை. ஏஎம்டியின் ரைசன் 5 7520 யூ என்ற புரொசஸரை எடுங்கள். 7 இல் தொடங்குவதால் 2023இன் புதுச் சரக்கு என்று நினைப்போம். உள்ளே இருப்பது சென் 2 என்ற, 2019இல் முதன்முதல் வந்த கட்டமைப்பு. அதே 7 இல் தொடங்கும் 7730 யூவுக்குள் சென் 3 இருக்கிறது. இலக்கம் ஒரே குடும்பம்போல் தெரியும், வேகம் வேறு. கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பாமல் புரொசஸரின் முழுப் பெயரையும் கடைசி எழுத்து வரைக்கும் போனில் குறித்துக்கொண்டு வாருங்கள், வீட்டில் ஆறுதலாகத் தேடிப் பார்க்கலாம். முழுப் பெயரைச் சொல்லத் தயங்குகிற கடையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள வித்தியாசம் வேர்ட், எக்செல், சூம், யூரியூப் பாவிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. நாலைந்து தலைமுறை தாண்டினால்தான் கையில் உணரலாம்.

"பொறுத்தால் விலை குறையாதோ?"

டொலர் ஓரிடத்தில் நிற்கிற நாட்டில் குறையும். இங்கே நான் பட்டதைச் சொல்கிறேன்.

2021 கடைசியில் எனக்கே ஒன்று வாங்கப் பார்த்தேன். இன்ரெலின் 11ஆம் தலைமுறை ஐ5 புரொசஸர், 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பாவிக்கிற நினைவகம்), விலை 1,80,000 ரூபாவுக்குக் கொஞ்சம் குறைய. 12ஆம் தலைமுறை வருகிறது என்று வாசித்தேன். திருத்துகிறவனுக்கு அந்த ஆசை கொஞ்சம் கூட. பொறுத்தேன். அப்போது டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி டொலர் விலையில் வைத்திருந்த பிடியை விட்டது. மே மாதம் டொலர் 360 ரூபா. அதே 11ஆம் தலைமுறைப் பெட்டி, அதே கடை, தூசி தட்டின அதே பிளாஸ்ரிக் உறை, விலை 3,00,000ஐத் தாண்டியிருந்தது. 12ஆம் தலைமுறையைப் பற்றிக் கேட்கவே நா எழவில்லை. அந்த நாட்களில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது. பழைய லப்டொப்பின் பற்றரி நாற்பது நிமிடம் நிற்கும். அதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பிறகு ரூபா கொஞ்சம் தேறியது. ஆனால் 2024 ஜனவரியில் வற் வரி 15 இலிருந்து 18 சதவீதமானது. 2025இன் கடைசி மாதங்களில் இன்னொரு பக்கத்தால் அடி விழுந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, உலகம் முழுக்க ராம் விலை ஏறியது. ராம் சிப் செய்கிற பெரிய கொம்பனிகள் மூன்றுதான்: சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன். அதில் மைக்ரோன், குருஷல் என்ற பெயரில் எங்களைப்போன்றவர்களுக்கு விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம்) வியாபாரத்தையே விடப்போவதாக 2025 டிசெம்பரில் அறிவித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற ராம் அது.

ஆகையால் விலை இறங்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் பொறுக்கவேண்டாம். இறங்கினாலும் சில ஆயிரம்தான் இறங்கும். ஏறுகிறபோது அப்படி ஏறுவதில்லை.

"அப்ப ஒருத்தரும் பொறுக்கக்கூடாதோ?"

பொறுக்கலாம். கையில் இருப்பது ஓடுகிறவர் பொறுக்கலாம். தொடங்கும் தேதி இன்னும் வராத மாணவர் பொறுக்கவே வேண்டும். சீட்டு அடுத்த மாதம் விழுகிறது, அதற்குள் கடன் பட வேண்டாம் என்பவர் கட்டாயம் பொறுக்கவேண்டும். இந்த மூன்றுக்கும் பொறுமை எப்போது முடியும் என்று தெரியும். "இன்னும் நல்லது வரும்" என்பதற்கு அப்படி ஒரு நாள் இல்லை.

"இருக்கிற பழசுக்கு ராமும் எஸ்எஸ்டியும் போட்டுச் சமாளிக்கலாமோ?"

நான் மிகவும் விரும்புகிற கேள்வி. பெரும்பாலும் சமாளிக்கலாம்.

போன மாதம் கோண்டாவிலில் இருந்து ஒரு அக்கா வந்தார். 2017இல் வாங்கின ஐ5, 7ஆம் தலைமுறை, 4 ஜிபி ராம், சுழல்கிற ஹாட் டிஸ்க். "இதை எறிஞ்சுபோட்டுப் புதுசு எடுக்கப்போறன்" என்றார். ஓன் பண்ணினேன். திரையில் ஐகன்கள் வருவதற்குள் இருவரும் ஆளுக்கொரு பிளேன்ரீ குடித்து முடித்துவிட்டோம். அடிமூடியைக் கழற்றினால் விசிறி முழுக்கச் செம்மண் தூசி, மூலையில் எறும்பு முட்டை. மூடியைக் கழற்றினாலே ஆள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன்: சிவப்புத் தூசி என்றால் கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம், யூஎஸ்பி வாயில் துரு என்றால் குருநகர் அல்லது பருத்தித்துறைக் கரை.

துடைத்து, புரொசஸருக்கு மேல் காய்ந்து பொருக்கு விட்டிருந்த பசையைச் சுரண்டிப் புதிது பூசி, ஹாட் டிஸ்க்கைக் கழற்றி அதே இடத்தில் எஸ்எஸ்டி, கூட ஒரு ராம். ஓன் பண்ணினால் இருபது விநாடிக்குள் திரை வந்தது. அக்கா பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், நான் வேறு லப்டொப்பைத் தந்துவிட்டேனோ என்று.

ஹாட் டிஸ்க்கில் ஓடுகிற இயந்திரத்துக்கு எஸ்எஸ்டி போடுவது போன்ற மாற்றம் வேறொன்றில்லை. ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தும் மெதுவென்றால் ராமைப் பாருங்கள். ராம் 8 ஜிபி இருந்தும் மெதுவென்றால் வைரஸோ, வெக்கையோ, தேவையில்லாமல் தானாகத் தொடங்குகிற மென்பொருளோ ஏதோ ஒன்று. அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

கூட்ட முடியுமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். டாஸ்க் மனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் மெமரியை அழுத்துங்கள். எத்தனை ஸ்லொட் (ராம் செருகும் இடம்), அதில் எத்தனை பாவனையில் என்று இருக்கும். வடிவம் என்ற இடத்தில் சோடிம் என்றிருந்தால் கழற்றி மாற்றலாம். றோ ஒஃப் சிப்ஸ் என்றிருந்தால் மதர்போட்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியது, அதை ஒன்றும் செய்ய ஏலாது. டிடிஆர்4 வகை ராம் இடத்தில் டிடிஆர்5 வகை பொருந்தாது. வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கிறவர்கள் இதில்தான் பிழை விடுவார்கள்.

எப்போது எறியலாம்? திரை, கீல், பற்றரி மூன்றும் ஒன்றாகப் போனால். ஒவ்வொன்றாக மாற்றுகிற காசு, பாவித்த நல்ல லப்டொப் ஒன்றின் விலைக்குக் கிட்ட வந்துவிடும்.

"விண்டோஸ் 10 செத்துப்போச்சாம்?"

2025 ஒக்டோபர் 14 உடன் மைக்ரோசொப்ற் அதற்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. லப்டொப் நின்றுவிடாது, வழமைபோல் ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. மைக்ரோசொப்ற் கணக்கோடு பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் அவற்றை நீடித்துப் பெறும் வழி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11க்கு இன்ரெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையில் இருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையில் இருந்து, கூடவே ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். கோண்டாவில் அக்காவின் 7ஆம் தலைமுறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அவருக்கு நான் சொன்னது: வங்கிக் கணக்கை போனில் பாருங்கள், இதில் வேலையை மட்டும் செய்யுங்கள், அடுத்த வருடம் புதிதுக்குச் சேருங்கள். பயப்படாதவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுக்கிறேன். பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணிப் பழகினவர்கள் மட்டும் இரண்டு நாள் என்னைப் பேசுவார்கள்.

"புதுசென்றால் எவ்வளவு ராம்?"

16 ஜிபி. 8 உடன் வாங்கலாம், ஆனால் இரண்டாவது ஸ்லொட் வெறுமையாக இருக்கவேண்டும். ஒட்டின 8 ஜிபி, ஸ்லொட்டும் இல்லை என்றால் எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். எஸ்எஸ்டி 512 ஜிபி போதும், அதைப் பிறகு மாற்றலாம். பிறகு இலேசில் தரம் கூட்ட முடியாதது புரொசஸரும் திரையும். காசைக் கூட்டுவதென்றால் அங்கே கூட்டுங்கள். மலிவு லப்டொப்பில் பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறம் கறுத்துப்போகிற திரை வரும். கடையிலேயே மூடியைச் சரித்து, இரண்டு பக்கமும் நின்று பாருங்கள். வெட்கப்படவேண்டாம்.

"ஏஐ லப்டொப் எண்டு விக்கினம். அது வேணுமோ?"

மைக்ரோசொப்ற் கோபைலட் பிளஸ் என்ற பெயரில் 2024 ஜூனில் தொடங்கியது. விநாடிக்கு 40 இலட்சம் கோடி கணிப்புச் செய்கிற தனிப் பகுதி ஒன்று சிப்புக்குள் இருக்கும். சற்ஜிபிரியிடம் கேள்வி கேட்க அது தேவையில்லை. அந்த வேலை இணையத்துக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. அந்தப் பட்டம் உள்ளதில் 16 ஜிபி ராம் கட்டாயம் இருக்கும், அந்த வகையில் நல்லது. அதற்காகப் பொறுக்கவோ கூடக் கொடுக்கவோ வேண்டாம்.

"சித்தப்பா பாரிசில இருந்து கொண்டுவாறார். பொறுக்கட்டோ?"

முதலில் கீபோட்டைக் கேளுங்கள். பிரான்சில் விற்கிற லப்டொப்பில் கியூ இருக்கவேண்டிய இடத்தில் ஏ இருக்கும், டபிள்யூ இடத்தில் இசட், எம் போய் எல்லுக்குப் பக்கத்தில் நிற்கும். இலக்கம் அடிக்க ஷிவ்ற் அமத்தவேண்டும். ஜேர்மனி, சுவிஸ் என்றால் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பாரிஸ் லாச்சப்பலில் வாங்கி வந்த ஒன்றை ஒரு தம்பி கொண்டுவந்தார்: "அண்ணை, பாஸ்வேர்ட் பிழையாம், சித்தப்பா பிழையாச் சொல்லிப்போட்டார்." சித்தப்பா சரியாகத்தான் சொல்லியிருந்தார். தம்பி விசையைப் பார்க்காமல் பழக்கத்தில் அடித்திருந்தார். விண்டோஸில் அமைப்பை மாற்றலாம், ஆனால் விசையில் அச்சிட்டிருப்பது மாறாது. லண்டன், கனடா, அவுஸ்திரேலியாவில் இந்தச் சிக்கல் குறைவு. கனடாவிலும் பிரெஞ்சு கலந்த கீபோட் உண்டு, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சார்ஜரைப் பற்றிப் பயப்படவேண்டாம். 100–240 வோல்ற் என்று அடப்ரரில் அச்சிட்டிருக்கும், எங்கள் 230க்குச் சரி. லண்டன் பிளக் எங்கள் 13 அம்பியர் சொக்கற்றுக்கு அப்படியே போகும். மற்றவற்றுக்கு அடப்ரரில் இருந்து சுவருக்கு வருகிற வயரை மட்டும் இங்கே வாங்கி மாற்றுங்கள். ஆட்டம் போடுகிற மலிவு மாற்றுப் பிளக்கில் தீப்பொறி பறந்து வந்த லப்டொப்புகளைக் கண்டிருக்கிறேன்.

வொறன்ரிதான் பெரிய விஷயம். பல கொம்பனிகளுக்கு அது விற்ற நாட்டோடு முடிந்துவிடும். நவம்பர் முடிவில் வருகிற கறுப்பு வெள்ளிச் சலுகையில் மலிவாக வாங்கி, நல்லூர்த் தேருக்கு வரும்போது கொண்டுவருவார்கள். அதுவரை ஒன்பது மாதம் அங்கே அலுமாரிக்குள். இங்கே வந்து பெட்டியைத் திறந்த அன்று பழுதென்றால் திருப்பிக் கொடுக்கக் காலம் போயிருக்கும். சித்தப்பா காசாக அனுப்பினால் இன்னும் நல்லம். இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்பது உங்கள் குடும்பப் பாடு.

"செக்கன்ட் ஹாண்ட் எடுக்கலாமோ?"

எடுக்கலாம். அலுவலகங்களில் பாவித்து இறக்குமதியாகிற லப்டொப்புகளின் உடல் மலிவுப் புதிதைவிட உறுதி. பற்றரியின் ஆரம்பக் கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் விண்டோஸே அறிக்கையாகத் தரும். கடைக்காரரை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். பாதிக்குக் கீழ் என்றால் புதுப் பற்றரி விலையைக் கழித்துப் பேசுங்கள். இயந்திரத்தை முழுக்க அழித்துத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லிப் பார்ப்பதும் அவசியம். "இது இன்ன நிறுவனத்துக்குரியது" என்று திரையில் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

"கொழும்பில மலிவோ?"

சில ஆயிரம் மலிவு. வொறன்ரிக்குத் திரும்பப் போகிற பஸ் காசையும் ஒரு நாள் லீவையும் சேர்த்தால் சரிக்குச் சரி. விலை கேட்கும்போது காசு விலையா, காட் தவணை விலையா என்று தெளிவாகக் கேளுங்கள்.

"மக்புக்?"

பற்றரி நீண்ட நேரம் நிற்கும். 2020இல் வந்த எம்1 இன்றும் நன்றாக ஓடுகிறது. ஆனால் ராம் கூட்டவே முடியாது. பழைய 8 ஜிபி எடுத்தால் கடைசிவரை 8தான். சொலிட்வேர்க்ஸ் என்ற பொறியியல் வடிவமைப்பு மென்பொருள் மக்கில் இல்லை, பொறியியல் பிள்ளைகள் கவனம்.

"வாங்கின பிறகு என்ன கவனிக்கிறது?"

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு வயரைச் சுவரில் இருந்து கழற்றிவிடுங்கள். சுவிச்சை நிற்பாட்டினால் போதாது. மெத்தையில் வைத்துப் பாவிக்கவேண்டாம், கீழ்த் துளை அடைபட்டால் வெக்கை உள்ளேயே நிற்கும். எப்போதும் வயரிலேயே இருக்கும் என்றால் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு பெரும்பாலான புதிய லப்டொப்புகளில் இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

"நீங்கள் என்ன பாவிக்கிறியள், அண்ணை?"

2018இல் வந்த 8ஆம் தலைமுறை ஒன்று. சூரிச்சில் இருந்து வந்த ஒருவர் கீபோட் ஒத்துவராமல் என்னிடமே விற்றுவிட்டுப் போனது. ராம் 16 ஆக்கினேன், பற்றரி ஒருமுறை மாற்றியாச்சு, விண்டோஸ் 11 ஓடுகிறது. புதிது வாங்கலாம்தான். மகன் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறான், அவனுக்கு முதலில் தேதி வரட்டும். வைக்கும் இசட்டுக்கும் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். போன மாரியில் இசட் உரிந்துவிட்டது. இன்னும் ஒட்டவில்லை.